பொருந்தாத எண்களின் பதிவேடு



அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஓக்லாந்துக்குத் தெற்கே, சான் லியாண்ட்ரோ என்று ஓர் ஊர். 2010இல் அவ்வூர்க்காரர் ஒருவர் உள்ளூர்க் காவல் துறைக்கு ஒரு மனுப் போட்டார். கணினிப் பாதுகாப்பு அவருடைய தொழில். சாலையில் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைத் தானாகவே படித்துப் பதிந்துகொள்ளும் கருவி ஒன்றைப் போலீஸார் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, என் வண்டிகளைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். அப்போது அந்தச் சிற்றூர்ப் போலீஸிடம் அப்படிப்பட்ட கருவி பொருத்திய ரோந்து வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதிலாக வந்தவை 112 படங்கள். 2009இல் எடுத்த ஒரு படத்தில் அவர் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அவரும் அவருடைய மகள்களும் காரை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம்பர் பிளேட்டைத் தேடிப் போன கேமராவில் பிள்ளைகளும் அகப்பட்டிருக்கிறார்கள். அந்த மனிதரைப் போலீஸ் எதற்காகவும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

இந்தக் கேமராக்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இவற்றைப் பற்றிய வாதம் எந்த ஊரில் நடந்தாலும், கேமரா வேண்டுமா வேண்டாமா என்ற இடத்திலேயே முட்டி நின்றுவிடுகிறது. திருடனைப் பிடிக்க வேண்டாமா என்று ஒரு தரப்பு கேட்கும். எங்களை ஏன் வேவு பார்க்கிறீர்கள் என்று மறு தரப்பு கேட்கும். நான் கேட்க விரும்புவது வேறு. தேடப்படும் வண்டியைக் கேமரா கண்டுபிடிக்கட்டும். தேடப்படாத வண்டியின் எண் எத்தனை நாள் போலீஸிடம் இருக்கும்? அதை யார் எடுத்துப் பார்க்கலாம்? பட்டியலில் பொருந்தாத அந்தக் கோடிக்கணக்கான எண்களை அரசு என்ன செய்கிறது என்பதில்தான் குடிமக்களின் நடமாட்ட சுதந்திரம் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. பேச்சு முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே இருக்கும்.

முதலில் கருவியின் பிறப்பு. பிரிட்டன் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கிய காவல் அறிவியல் மேம்பாட்டுப் பிரிவு 1976இல் இதைக் கண்டுபிடித்தது. ஏ1 நெடுஞ்சாலையிலும் டார்ட்ஃபோர்ட் சுரங்கப் பாதையிலும் சோதித்துப் பார்த்தார்கள். 1981இல் திருட்டுக் கார் ஒன்றை இது காட்டிக்கொடுத்து, முதல் கைது நடந்தது. அதன்பின் பல காலம் இது ஒரு பரிசோதனைப் பொருளாகவே கிடந்தது. 1992இலும் 1993இலும் லண்டன் மாநகரின் வணிக மையத்தில் ஐரிஷ் குடியரசுப் படை வைத்த பெரிய குண்டுகள் வெடித்தன. அந்த வட்டாரத்தைச் சுற்றிச் சோதனைச் சாவடிகளும் கேமராக்களும் கொண்ட வளையம் ஒன்றைப் போட்டார்கள். 1997இல் நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்கள் அந்த வளையத்தில் சேர்ந்தன. இன்று பிரிட்டனின் தேசியப் பதிவேட்டில் நாள் ஒன்றுக்கு 5 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் விழுகின்றன. ஓராண்டு வரை அங்கே இருக்கின்றன.

வேலை செய்யும் விதம் எளிது. அகச்சிவப்பு ஒளி பட்டதும் நம்பர் பிளேட் பளிச்சென்று தெரியும்; இரவும் பகலும் ஒன்றுதான். மென்பொருள் அந்தப் படத்திலிருந்து எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கும். திருட்டு வண்டிகள், தேடப்படும் ஆட்களின் வண்டிகள், காணாமல்போனவர்களின் வண்டிகள் அடங்கிய ஒரு பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் ரோந்து வண்டியில் மணி அடிக்கும். இவ்வளவும் ஓரிரு நொடிக்குள். இத்தோடு நின்றிருந்தால் நான் இந்த மேடையில் நின்று பேச வேண்டியிருக்காது. பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அந்த எண், நேரம், இடம், படம் நான்கும் பதிவேட்டுக்குப் போகின்றன.

இதன் பயனை மறுப்பவன் அல்ல நான். 2005 நவம்பரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் ஒரு டிராவல் ஏஜென்சியைக் கொள்ளையடித்தவர்கள், தடுக்கப் போன பெண் காவலரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் வந்த கார் எந்த வழியில் போனது என்று கண்டறிய இந்தக் கேமராக்கள் பெரிதும் உதவின. கடத்தப்பட்ட குழந்தை ஏறிய காரை அடுத்த மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கும்போது, அதை வேண்டாம் என்று சொல்லும் துணிவு யாருக்கும் வரக் கூடாது. எனக்கும் இல்லை. ஆனால் கொலையோ கடத்தலோ நடந்தால் போலீஸ் புரட்டுவது அன்றைய பதிவையும் அதற்கு முந்தைய சில நாள் பதிவையும்தான். அந்த வேலைக்கு ஊரே ஓராண்டு எங்கெங்கே போய் வந்தது என்ற பதிவு தேவையில்லை.

எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு பொருந்தவில்லை என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மேரிலாந்து மாநிலத்தில் 2012இன் முதல் ஐந்து மாதங்களில் கேமராக்கள் படித்த எண்கள் 2 கோடியே 90 லட்சம். அவற்றில் ஏதோ ஒரு பட்டியலோடு பொருந்தியவை 500க்கு 1. பொருந்தியவற்றிலும் 97 விழுக்காடு, பதிவு முடக்கப்பட்டது அல்லது ரத்தானது, புகைச் சோதனை செய்யாதது போன்ற சில்லறைத் தவறுகள். திருட்டு அல்லது அதைவிடப் பெரிய குற்றத்தோடு தொடர்பிருக்கலாம் என்று சொல்லத்தக்கவை 10 லட்சத்துக்கு 47. கலிஃபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளர் 2020இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸின் சேமிப்பைத் திறந்து பார்த்தார். 32 கோடிப் படங்கள். அவற்றில் 99.9 விழுக்காடு, எடுத்த நேரத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத வண்டிகளின் படங்கள்.

பாஸ்டனிலிருந்து இன்னொன்று. திருடுபோனதாகப் பட்டியலில் இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் அந்த நகரப் போலீஸின் கேமராக்களில் 59 முறை பட்டிருக்கிறது. யாரும் போய்ப் பிடிக்கவில்லை. 2013இல் பத்திரிகைகள் இதை வெளியிட்டபோது காவல் துறை அந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்தது. பதிவுகள் மலையாகக் குவிந்தால் துப்புத் துலங்கிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நம்பர் பிளேட் என்பதே ஊர் பார்க்க மாட்டி வைப்பது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் அதைப் பார்க்கத்தான் செய்கிறார். அதில் என்ன அந்தரங்கம்? டீக்கடையில் இருப்பவர் ஓர் எண்ணைப் பார்க்கிறார், டீ ஆறுவதற்குள் மறந்துவிடுகிறார். ஊரிலுள்ள டீக்கடை ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை உட்காரவைத்து, போகிற வருகிற எண்களையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்லி, ராத்திரி அந்த நோட்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து, யாருடைய எண்ணைக் கேட்டாலும் அவர் போன இடங்களை வரிசையாகச் சொல்ல ஏற்பாடு செய்தால் அது வேறு காரியம். புற்றுநோய் மருத்துவமனை வாசல், வக்கீல் வீடு, தொழிற்சங்க அலுவலகம், குடிநோய் மீட்பு மையம், வெள்ளிக்கிழமைத் தொழுகை, யாருக்கும் தெரியாமல் சந்திக்கும் ஒருவரின் தெரு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் பொது இடம்தான். வரிசையாகக் கோத்தால் ஒருவருடைய வாழ்க்கை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்திருக்கிறது. 2012இல் ஜோன்ஸ் வழக்கில், சந்தேக நபரின் காரில் ஜிபிஎஸ் கருவியை ஒட்டி 28 நாள் பின்தொடர்ந்ததை அரசமைப்பின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சோதனையாகவே கொள்ள வேண்டும் என்று சொன்னது. 2018இல் கார்பென்டர் வழக்கில் ஒரு படி மேலே போனது. ஒருவருடைய செல்பேசி எந்தெந்தக் கோபுரத்தைத் தொட்டது என்று 127 நாள் பதிவை, 12,898 இடக் குறிப்புகளை, போலீஸ் வாரண்ட் இல்லாமல் வாங்கியிருந்தது. அது தவறு என்றது நீதிமன்றம். பொது இடத்தில் நடமாடுவதாலேயே ஒருவர் தம் அந்தரங்க உரிமை முழுவதையும் கைவிட்டுவிடுவதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதோடு வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 170க்கும் மேற்பட்ட கேமராக்கள். 2024இல் அவற்றை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வழக்கின் நடுவே வெளிவந்த பதிவுகளின்படி, மனுதாரர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற கடற்படைக்காரரின் வண்டி 2025இல் சுமார் நான்கரை மாதத்தில் 526 முறை பதிவாகியிருந்தது. நாளுக்கு நான்கு முறை. கார்பென்டர் வழக்கின் 127 நாளும் இந்த நான்கரை மாதமும் கிட்டத்தட்ட ஒரே கால அளவுதான். செல்பேசிப் பதிவு இடைவிடாமல் பின்தொடர்வது, கேமரா அங்கங்கே ஒரு புள்ளி வைப்பது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது கேமராத் தரப்பின் வாதம். அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் இந்த வாதத்துக்குத் தலையசைக்கின்றன. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. புள்ளிகள் குறைவு என்பது இன்றைய நிலை. கேமராக்களை விற்கும் நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன. எத்தனையாவது புள்ளியில் உரிமை மீறல் தொடங்கும் என்று எந்த நீதிபதியும் எண்ணிச் சொல்ல முடியாது.

விற்கும் நிறுவனங்கள் என்றேன். அமெரிக்காவில் இன்று முன்னணியில் இருப்பது அட்லாண்டாவில் 2017இல் தொடங்கிய ஃபிளாக் சேஃப்டி. கறுப்புக் கம்பம், மேலே சிறிய சூரியத் தகடு, அதன்கீழ் கேமரா. ஆரம்பத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கு விற்றார்கள், பிறகு போலீஸுக்கு. நம்பர் பிளேட்டோடு வண்டியின் நிறம், ரகம், கூரைக் கம்பி, பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர்வரை இது அடையாளம் காணும். முப்பது நாள் வைத்திருப்பது அதன் வழக்கமான ஏற்பாடு. இதன் பெரிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் ஊர்ப் போலீஸ் விருப்பம் தெரிவித்தால் அதன் பதிவுகளை நாடெங்கும் உள்ள பிற ஊர்ப் போலீஸும் தேடலாம். நகர மன்றம் தன் ஊர்த் திருட்டைத் தடுக்கத்தான் கேமராவுக்குப் பணம் ஒதுக்குகிறது. அந்தப் பதிவைத் தேடுகிறவர் ஆயிரம் மைல் தள்ளி, வேறு சட்டம் நடக்கும் மாநிலத்தில் இருக்கிறார்.

2025 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் ஜான்சன் கவுண்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தில் நடந்தது இது. ஒரு பெண் கருக்கலைப்புச் செய்துகொண்டார் என்று காரணம் எழுதி, ஓர் அதிகாரி 83,000க்கும் மேற்பட்ட கேமராக்களின் பதிவுகளைத் தேடினார். டெக்சாஸில் கருக்கலைப்பு ஏறக்குறைய முழுவதும் தடை. ஆனால் தேடப்பட்ட கேமராக்களில் பல, கருக்கலைப்பு சட்டப்படி செல்லுபடியாகும் வாஷிங்டன், இல்லினாய் மாநிலங்களில் இருந்தவை. அந்தப் பெண்ணின் உடல்நிலை பற்றிக் குடும்பத்தார் கவலைப்பட்டதால்தான் தேடினோம் என்றார் ஷெரிஃப். பின்னர் வெளிவந்த ஆவணங்கள், இதைக் கருவின் சாவு விசாரணையாகவே போலீஸ் பதிந்திருந்ததைக் காட்டின. இல்லினாய் மாநிலம் இப்படிப்பட்ட தேடலுக்கும் குடியேற்ற விசாரணைக்கும் தன் மாநிலப் பதிவுகளைத் தரக் கூடாதென்று ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தது. சட்டம் இருந்தும் கூட்டாட்சி அரசின் சுங்க, எல்லைக் காவல் துறை அந்தப் பதிவுகளைப் பார்க்க முடிந்திருக்கிறது என்று அம்மாநிலச் செயலாளர் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் அந்த ஆண்டே தன் ஒப்பந்தத்தைக் காலாவதியாக விட்டது. இல்லினாயின் எவான்ஸ்டன் நகரமும் முறித்துக்கொண்டது.

அதிகாரத்தைப் பெரிய அளவில் தவறாகப் பயன்படுத்துவது ஒரு வகை. சின்ன அளவில் நடப்பதும் குறைந்த கொடுமை அல்ல. கன்சாஸ் மாநிலத்தில் செட்ஜ்விக் என்ற சிற்றூரின் போலீஸ் தலைவர், தம்மை விட்டுப் பிரிந்த பெண்ணின் வண்டியை இந்தக் கேமராப் பதிவில் 164 முறை தேடினார். அவளுடைய புதிய நண்பரின் வண்டியை 64 முறை. ஒவ்வொரு தடவையும் விசாரணைக்காக என்று ஏதோ ஒரு பொய்க் காரணத்தைப் பூர்த்தி செய்திருக்கிறார். மேலதிகாரி பார்த்துத் தடுப்பார் என்றால், அந்த ஊரில் மேலதிகாரியே அவர்தான். தன்னைத் தேடிக்கொண்டிருக்கும் ஆணுக்குத் தெரியாமல் ஊர் மாறிக் குடிபோகும் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த ஆண் காக்கி போட்டவனாக இருந்தால் அவள் எங்கே போவாள்? அந்தரங்க உரிமை வசதியானவர்களின் கவலை என்று சொல்பவர்கள் அவளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பதிவேடு யார் கையிலும் சிக்கும் என்பதற்கு மினியாபொலிஸ் சாட்சி. மினசோட்டா மாநிலச் சட்டத்தில் இந்தப் பதிவுகள் பொது ஆவணமாகக் கருதப்பட்ட காலம் அது. 2012இல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மேயர் ஆர். டி. ரைபக்கின் காரைப் பற்றிக் கேட்டு வாங்கியது. ஓராண்டில் 41 முறை எங்கெங்கே படிக்கப்பட்டது என்று அச்சிட்டது. மேயரின் வண்டிக்கே இந்த நிலை வந்தபிறகு சட்டத்தை மாற்றும் முயற்சி வேகம் பிடித்தது. 2015இல் மினசோட்டா இப்பதிவுகளை மறைவானவை ஆக்கி, 60 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியது.

இதுவரை சொன்னது கருவி சரியாகப் படித்தால் வரும் தொல்லை. தவறாகப் படித்தால்?

2009 மார்ச் 30ஆம் தேதி இரவு, பதினொரு மணிக்கு மேல், சான் ஃபிரான்சிஸ்கோவில் நகரப் பேருந்து ஓட்டுநராக வேலை பார்த்த 47 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் தம் செம்பழுப்பு நிற லெக்ஸஸ் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ரோந்து வண்டியின் கேமரா அவருடைய எண்ணில் இருந்த 3ஐ 7 என்று படித்தது. 7 உள்ள எண், திருடுபோன சாம்பல் நிற லாரி வகை வண்டி ஒன்றுடையது. படம் இருட்டில் மங்கல். வண்டி ரகம் வேறு, நிறம் வேறு. கண்ணால் ஒரு தடவை பிளேட்டைப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். கேமராவை வைத்திருந்தவர் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்தார். வண்டியை நிறுத்தியவர் முதலாமவர் பார்த்திருப்பார் என்று நினைத்தார். நாலைந்து போலீஸார் துப்பாக்கியை நீட்டினார்கள். மூட்டு வலிக்காரரான அந்த அம்மாவை நடுரோட்டில் மண்டியிட வைத்தார்கள். விலங்கு மாட்டினார்கள். எழுந்திருக்க முடியாமல் தடுமாறினார். அதன் பிறகுதான் யாரோ ஒருவர் எண்ணைச் சரிபார்த்தார். ஏறத்தாழ இருபது நிமிடம். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அவருடைய வழக்கை மீட்டெடுத்தது. சரிபார்க்காத கேமராக் குறிப்பை மட்டும் நம்பி இப்படி நிறுத்தியது நியாயமா என்பதை ஜூரி தீர்மானிக்கட்டும் என்றது. அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் 4,95,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கொலராடோவின் அரோரா நகரில் 2020 ஆகஸ்டில் கேமரா எண்ணைச் சரியாகவே படித்தது. ஆனால் அதே எண், மான்டானா மாநிலத்தில் திருடுபோன மோட்டார் சைக்கிளுக்கும் இருந்தது. போலீஸ் நிறுத்தியது கொலராடோ பிளேட் மாட்டிய பெரிய காரை. உள்ளே ஒரு பெண்ணும் குடும்பத்துச் சிறுமிகள் நால்வரும். கடைக்குட்டிக்கு வயது 6. பிள்ளைகளைக் கார் நிறுத்துமிடத்தின் சுடுதரையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். 2024இல் நகரம் 19 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. இரண்டு ஊரிலும் தவறு கருவியோடு முடியவில்லை. கருவி சொன்னதும் மனிதர்கள் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு ஊரிலும் சாலையில் மண்டியிட்டவர்களும் குப்புறப் படுத்தவர்களும் கறுப்பினத்தவர் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

அது என்னை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்குக் கொண்டுவருகிறது. ஒரு சமூகம் முழுவதும் இந்தக் கேமராக்களை எப்படி அனுபவித்தது, எப்படி எதிர்த்தது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பர்மிங்ஹாமின் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் ஆகிய வட்டாரங்கள் முஸ்லிம்கள் செறிந்து வாழ்பவை. 2010 வசந்தத்தில் அங்கே தெருக்களில் புதிய கம்பங்கள் முளைத்தன. உள்ளே வரும் சாலை, வெளியே போகும் சாலை ஒன்றையும் விடாமல் கேமராக்கள். மொத்தம் 200க்கும் மேல். பெரும்பாலானவை நம்பர் பிளேட் படிப்பவை. அவற்றுள் 72 கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கத் திட்டமிட்டவை. கார்த் திருட்டு, போதைப்பொருள், தெருத் தொல்லை ஆகியவற்றைக் குறைக்கத்தான் என்று வட்டார மன்ற உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த ஊர்க்காரர் சிலர் பணம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினார்கள். 30 லட்சம் பவுண்டும் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. திட்டத்தின் பெயர் புராஜெக்ட் சாம்பியன். ஜூன் மாதம் கார்டியன் நாளேடு இதை வெளியிட்டதும் ஊர் கொதித்தது. பள்ளிவாசலுக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர், கடைச் சரக்கு எடுக்கப் போகிறவர் எல்லோரையும் ஒரே தட்டில் சந்தேக நபராக வைத்துவிட்டார்கள் என்ற கோபம் அது. கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள். கடைசியில் காவல் துறையே கேமராக்களின் தலையில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டி மூட வேண்டியதாயிற்று.

தேம்ஸ் வேலி காவல் துறைத் தலைவர் சாரா தார்ன்டன் நடத்திய ஆய்வு அந்த இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. ஒரு போலீஸ் அதிகாரியே சக போலீஸாரைப் பற்றி எழுதிய கடுமையான அறிக்கை. சட்டம் அனுமதிக்கிறதா, மனித உரிமைக்கு உகந்ததா என்று முன்கூட்டி யோசித்ததற்கான தடயமே அரிது என்றது. பர்மிங்ஹாம் அடங்கிய வெஸ்ட் மிட்லண்ட்ஸ் வட்டாரத்தின் காவல் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கேமராக்களை ஒருநாள்கூட இயக்காமல் 2011இல் கழற்றினார்கள். அந்த 30 லட்சம் பவுண்டு கிடக்கட்டும். தம் பிள்ளை தவறான வழியில் போகிறானோ என்று சந்தேகப்படும் தாய், நம்பிக்கையோடு தட்டக்கூடிய போலீஸ் கதவு ஒன்று அந்த ஊரில் இருந்திருக்கும். அதையும் சாத்திவிட்டார்கள். பயங்கரவாதத்தைத் தடுக்க எந்தக் கேமராவையும்விட அந்தத் தாயின் உதவி பெரிது.

ஒரு சமூகத்தில் பிறந்ததாலேயே ஒருவரின் நடமாட்டம் முழுவதையும் பதிவு செய்வது தமிழ்நாட்டுக்குத் தெரியாத கதை அல்ல. குற்றப் பரம்பரையினர் சட்டத்தை, நம் மக்கள் சொன்னபடி ரேகைச் சட்டத்தைப் பற்றி, மதுரைப் பக்கத்து ஊர்களில் இன்றும் பாட்டன்மார் வாய்வழியாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கைரேகை பதிய வேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும்; வெளியூர் போனால் அனுமதிச் சீட்டோடு போக வேண்டும். அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் நின்றவர்கள் குண்டடிபட்டு மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. அந்தச் சட்டத்தை நடத்தக் காவலர், பதிவேடு, சீட்டு என்று ஒரு பட்டாளமே தேவைப்பட்டது. இன்று ஒரு வட்டாரத்தின் நாலைந்து சாலை முனைகளில் கம்பம் நட்டால் போதும். அங்கே வாழ்பவருக்குத் தெரியக்கூட வேண்டியதில்லை.

தீர்வு இல்லாத விஷயம் இல்லை இது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பட்டியலோடு பொருந்தாத எண்ணை 3 நிமிடத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. திருட்டு வண்டி வந்தால் மணி அடிக்கும். மற்றவர்கள் வந்து போன சுவடே இருக்காது. வர்ஜீனியா 2025இல் 21 நாள் என்று வரம்பு வைத்தது. மூன்று நிமிடத்துக்கும் பிரிட்டனின் ஓராண்டுக்கும் இடையில் இருப்பது தொழில்நுட்ப வேறுபாடு இல்லை. கேமரா அதேதான்.

ஜெர்மனியின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே அரசமைப்பு நீதிமன்றம் 2008இல் ஹெஸ்ஸே, ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலங்களின் கேமராச் சட்டங்களைச் செல்லாது என்றது. ஆனால் பொருந்தாத எண்ணை உடனே தடயமில்லாமல் அழித்துவிட்டால் யாருடைய உரிமையும் தொடப்படுவதில்லை என்றும் அப்போது சொன்னது. பத்தாண்டு கழித்து, 2018 டிசம்பரில், பவேரியாச் சட்டம் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. எண் உடனே அழிக்கப்பட்டாலும், அந்தக் கணத்தில் அந்த வண்டிக்காரரைப் போலீஸ் சோதித்துத்தான் விட்டிருக்கிறது. ஆகவே அதுவும் உரிமையில் தலையிடுவதே. தக்க காரணம் இருந்தால் தலையிடலாம், காரணம் இல்லாமல் கூடாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு. கேமராவைத் தடை செய்யவில்லை. எதற்காக, எங்கே, எவ்வளவு பெரிய ஆபத்தைத் தடுக்க என்று ஒவ்வொரு முறையும் போலீஸ் காரணம் காட்டும்படி செய்தது. நான் படித்த தீர்ப்புகளில் இந்தப் பொருளில் இதுவே மிக நேர்மையானது என்பேன்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். சட்டம் பயிலும் மாணவர்கள் கரக் சிங் வழக்கைப் படித்திருப்பீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டு, சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். இருந்தும் போலீஸ் அவருக்குச் சரித்திரப் பதிவேடு திறந்தது. ராத்திரி வந்து கதவைத் தட்டுவது, எங்கே போகிறார் வருகிறார் என்று எழுதுவது. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரவில் வீட்டுக்கு வருவதை மட்டும் தடுத்தது. வெளியே போகும்போது பின்தொடர்ந்து எழுதுவதில் உரிமை மீறல் இல்லை என்றது பெரும்பான்மை. நீதிபதி சுப்பா ராவ் உடன்படவில்லை. நிழல் போலப் பின்னால் ஒரு கண் இருக்கும்போது மனிதன் சுதந்திரமாக நடமாடுவதாகச் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்து, கரக் சிங் தீர்ப்பில் அதற்கு மாறாக இருந்த பகுதியை நீக்கினார்கள். சரித்திரப் பதிவேடு இன்னாருக்கு என்று ஓர் அதிகாரி பெயர் எழுதித் திறந்தது அந்தக் காலம். பொருந்தாத எண்களைச் சேமித்து வைக்கும் கேமரா, சாலையில் போகும் ஒவ்வொருவருக்கும் அதைத் திறந்து வைக்கிறது.

சென்னையிலும் பிற நகரங்களிலும் இந்தக் கேமராக்கள் வந்துவிட்டன. சிக்னலை மீறினால் செல்பேசிக்கு அபராதச் செய்தி வருகிறதே, அது இவற்றின் வேலை. 2019 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் சீரான எழுத்து, கேமராவின் வாசிப்பை எளிதாக்கியிருக்கிறது. சாலை ஒழுங்குக்கு இது நல்லது. விபத்தில் உறவை இழந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் சிக்னலை மீறாத வண்டியின் எண் எத்தனை நாள் இருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் பெரும் விலக்கு அளிக்கிறது. பொது ஒழுங்கின் பெயரால் ஓர் அரசு அமைப்பை முழுவதுமாக விலக்கிவிடும் அதிகாரத்தையும் அதன் 17ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. புட்டசாமித் தீர்ப்பு, அரசு அந்தரங்கத்தில் தலையிட வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், தலையீடு தேவைக்கு மிஞ்சக் கூடாது என்று கேட்டது. விலக்கைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு அளவைச் சொல்லாமல் விட்ட சட்டம், மூன்றாவதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மாநகரக் காவல் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். பொருந்தாத எண்ணும் படமும் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, எந்த ஆணையின்படி? பதிவைத் தேடும் அதிகாரி காரணம் எழுத வேண்டுமா, அந்தக் காரணத்தை யார் தணிக்கை செய்கிறார்கள்? வேறு மாநிலப் போலீஸுக்கோ தனியார் நிறுவனத்துக்கோ பதிவு போகிறதா, ஒப்பந்தத்தின் நகல் கிடைக்குமா? எந்தத் தனிமனிதரைப் பற்றியும் கேட்காதீர்கள். கேட்டால் 8(1)(ஒ) பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம்.